தெரியாத நீரில் மீன் எங்கே?

நம் குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவே ஓடும் காவிரியின் கரையோடு மேல்நோக்கிச் சென்றால், மேட்டூர் அணை வந்துவிடும். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் பின்னே பரந்து கிடப்பது ஸ்டான்லி நீர்த்தேக்கம். உரிமம் பெற்ற மீனவர்கள் இதில் பரிசலில் சென்று மீன் பிடிக்கிறார்கள்.

இந்த ஏரியை முன்பின் அறியாத ஒரு மீனவர் முதன்முறையாகப் பரிசலில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே நீர்ப்பரப்பு. எல்லா இடமும் ஒன்றுபோலவே தோன்றுகிறது. வலையை எங்கே விரிப்பது? எவ்வளவு ஆழத்தில் இறக்குவது? இடம் தவறினால் அன்றைய கூலி போகும். வலை பாறையில் சிக்கினால் முதலும் போகும். எனவே நீருக்கடியில் இருப்பதை நீருக்கு மேலிருந்தே அறிந்தாக வேண்டும். அதற்கு இயற்பியல் எவ்வாறு உதவுகிறது என்று பார்ப்போம்.

நீருக்கடியில் ஒரு நாடு

ஏரி நிரம்பும்போது அதன் பரப்பு சுமார் 153 சதுர கி.மீ.; கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது சுமார் 265 கோடி கன மீட்டர். கொள்ளளவைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். சராசரி ஆழம் ஏறக்குறைய 17 மீட்டர் என்று வரும். ஆனால் அணையின் முழு நீர்மட்டமோ 120 அடி, அதாவது 36 மீட்டருக்கும் அதிகம்! இதிலிருந்து என்ன தெரிகிறது? ஏரியின் அடி சமதளம் அன்று. பழைய காவிரியின் படுகை ஆழமான வாய்க்காலாக நடுவில் கிடக்க, ஓரங்களில் அன்றைய வயல்களும் மேடுகளும் ஆழம் குறைந்த நீரின் கீழ் உள்ளன. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோவிலின் நந்தி சிலையும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் வெளியே தலை காட்டுவது உண்டு.

மூழ்கிய மரங்களும் பாறைகளும் சிறு மீன்களுக்குப் புகலிடம். சிறு மீன் சேரும் இடத்துக்கு அவற்றைத் தின்னும் பெரிய மீனும் வரும். அமெரிக்க ஏரிகளில் ‘கிராப்பி’ என்னும் மீனைத் தூண்டிலிடுவோர், புதிய ஏரிக்குச் சென்றால் மூழ்கிய மரங்கள் எங்கே என்றுதான் முதலில் தேடுவார்கள்.

கயிறும் ஒலியும்

ஆழத்தை அறிய மிகப் பழைய கருவி, முனையில் எடை கட்டிய கயிறுதான். அக்காலக் கப்பலோட்டிகள் ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். அடியிலுள்ள மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஆழம், தரையின் தன்மை ஆகிய இரண்டையும் ஒரே கயிறு சொல்லிவிடும்.

இன்று இந்த வேலையை எதிரொலிமானி செய்கிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அனுப்பிய ஒலி 0.02 நொடியில் திரும்பி வந்தால், அது சென்று வந்த மொத்தத் தொலைவு 30 மீட்டர். ஆகவே ஆழம் 15 மீட்டர். பாறை ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்பும். இளகிய சேறு ஓரளவு விழுங்கிவிடும். மீனும் எதிரொலி தரும். அதன் உடலின் பெரும்பகுதி நீரைப் போன்றதே என்றாலும், உள்ளே இருக்கும் காற்றுப்பை ஒலியை நன்கு எதிரொலிக்கிறது. கருவியின் திரையில் நாம் காணும் ‘மீன்’ பெரும்பாலும் அந்தக் காற்றுப்பைதான்!

ஏரிக்குள் அடுக்குகள்

ஆழம் தெரிந்துவிட்டது. எந்த ஆழத்தில் மீன் இருக்கும்?

கோடையில் காற்று அடங்கிய நாட்களில் மேல்நீர் சூடேறி இலேசாகிறது. குளிர்ந்த நீர் கனமானதால் கீழேயே தங்குகிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. 25 டிகிரி செல்சியஸிலிருந்து 30 டிகிரிக்குச் சூடேறும்போது ஒரு கன மீட்டர் நீரின் நிறை சுமார் 1.4 கிலோகிராம் குறைகிறது. 5 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குச் செல்லும்போதோ குறைவது 0.3 கிலோகூட இல்லை. ஆகவே குளிர்நாட்டு ஏரியைவிட நம் ஏரியில் சிறிய வெப்பநிலை வேறுபாடே நீரை அடுக்குகளாகப் பிரித்துவிடப் போதும்.

இந்த அடுக்குகள் மீனின் மூச்சோடு தொடர்புடையவை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில், காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடியது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். மேலடுக்குக்குக் காற்றிலிருந்தும் பாசியின் ஒளிச்சேர்க்கையாலும் ஆக்சிஜன் கிடைக்கிறது. கீழடுக்கிலோ மட்கும் இலைதழைகள் இருப்பதையும் தீர்த்துவிடுகின்றன. அங்கே வலையை இறக்கிப் பயன் என்ன?

ஆக்சிஜன் உள்ள பகுதியிலும் மீனுக்கு மீன் பழக்கம் வேறு. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிருகால் அடிமட்டத்திலும் இரை தேடுபவை.

ஆடிக் காற்று வலுத்து வீசும்போது அலைகள் அடுக்குகளைக் கலக்கிவிடும். அப்போது நேற்றைய கணக்கு இன்று உதவாது.

பரிசலும் பாதுகாப்பும்

பரிசலின் அடி அகன்றது. 2 மீட்டர் விட்டமுள்ள பரிசல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் சுமார் 31 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி 31 கிலோ கூடுதல் எடையைத் தாங்கும். ஆகவே சில சென்டிமீட்டர் ஆழமே அமிழ்ந்து, மூழ்கிய பாறைக்கு மேலேயும் அது சென்றுவிடும். ஆனால் நீரைப் பிடித்து நிற்க அடியில் நீண்ட கட்டை இல்லாததால், காற்று அதை எளிதில் சுழற்றித் தள்ளிவிடும். அனுபவமுள்ள மீனவர் புறப்படும் முன் வானத்தையும் காற்றையும் கவனிப்பது இதனால்தான். மிதவைச் சட்டை இல்லாமல் எவரும் பரிசலில் ஏறக்கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நீரின் ஒளிவிலகல் எண் 4/3. நேர் மேலிருந்து பார்க்கும்போது 4 அடி ஆழம் 3 அடியாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். ‘இடுப்பளவுதான்’ என்று நம்பி இறங்கும் இடத்தில் நீர் மார்பைத் தொடும். அதற்கு அடுத்த அடி, மூழ்கிய வாய்க்காலின் விளிம்பாகவும் இருக்கலாம். தெரியாத நீரில் கண்ணை நம்பாதீர்கள். கோலை விட்டு அளந்து பாருங்கள். அவ்வூர் மீனவரைக் கேளுங்கள். எங்கே பாறை, எங்கே சுழல், எந்த மாதத்தில் எந்த மீன் எவ்வளவு ஆழத்தில் என்று அவர் சொல்பவை பல ஆண்டுகள் வலை இறக்கி அளந்தறிந்தவை.

நீங்களே செய்து பாருங்கள்

நீர் அடுக்குகளை அளக்க ஏரிக்குப் போக வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர் உள்ள ஒரு கிணறு போதும். பெரியவர் ஒருவர் அவசியம் உடன் இருக்கட்டும். சிறிய வாயுள்ள ஒரு புட்டியின் அடியில் 2 கிலோ எடைக்கல்லைக் கட்டுங்கள். கழுத்தில் ஒரு கயிறும் தக்கையில் இன்னொரு கயிறும் கட்டி, புட்டியை மூடி 3 மீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்து நீர் உள்ளே நிறையும். உடனே மேலே தூக்கி, வெப்பநிலைமானியால் அளந்து, மேல்நீரின் வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அளந்து வரைபடம் வரையுங்கள்.

எந்த வேளையில் வேறுபாடு மிகுதி? ஏன்? விடையை உங்கள் வகுப்பில் விவாதியுங்கள்.