நோயுற்ற சவாரி மட்டக்குதிரை: வைத்திருத்தலும் விலக்குதலும்

இங்கிலாந்து தேசத்தில் சிறுவர்க்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் சவாரிப் பள்ளிகளில் பெரும்பாலும் மட்டக்குதிரைகளே வேலை செய்கின்றன. உயரத்தில் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாதவை மட்டக்குதிரைகள் எனப்படும். வெல்ஷ், டார்ட்மூர், எக்ஸ்மூர், ஷெட்லண்டு முதலிய ஜாதிகள் கரடான மலைப்புல்லைக் கடித்து, குளிரிலும் காற்றிலும் உயிர்வாழ்ந்து பழகியவை. சொற்ப உணவில் உடலைக் காத்துக்கொள்ளும் இக்குணமே, செழித்த மேய்ச்சல் நிலத்தில் அவற்றிற்குக் கேடாய் முடிகின்றது.

பதினெட்டு வயதும் ஏறக்குறைய 280 கிலோ எடையுமுள்ள ஒரு வெல்ஷ் மட்டக்குதிரை பல வருஷங்களாகப் பள்ளியொன்றில் குழந்தைகளைச் சுமந்து வந்ததாக வைத்துக்கொள்வோம். அதற்குக் குளம்பழற்சி ஒருமுறை வந்து நீங்கியிருக்கிறது, மூச்சிரைப்பும் உண்டு. இனி அதனை என் செய்வது? உழவு தளர்ந்த எருதைத் தொழுவத்தில் கட்டியிருக்கும் மிராசுதாருக்கும் இக்கேள்வி புதிதன்று. ஆயினும் குதிரையின் விஷயத்தில் நோயின் தன்மையை அறியாமல் முடிவு செய்தல் இயலாது.

குளம்பினுள் ஏடு ஏடாய் அமைந்த மெல்லிய மடிப்புகளே குளம்பெலும்பைக் கொம்புச் சுவரோடு பிணைத்துத் தாங்குகின்றன. அம்மடிப்புகள் அழன்று தளருமாயின் எலும்பு பிடிவிட்டுச் சரியும். முற்றிய நிலையில் அது உள்ளங்குளம்பைத் துளைத்து வெளிப்படுதலுமுண்டு. இரத்தத்தில் இன்ஸுலின் மிதமிஞ்சி ஏறுவதே மட்டக்குதிரைகளில் இந்நோய்க்குப் பெரும்பான்மையான காரணம் என இப்பொழுது அறியப்பட்டுள்ளது. வசந்தகாலத்துப் புல்லில் சர்க்கரைச் சத்து மிகுதியாதலால், கொழுத்த மட்டக்குதிரைக்கு அக்காலம் அபாயமானது. நோய்கண்ட குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்னங்கால்களில் சாய்த்து நிற்கும், திரும்புவதற்கு அஞ்சும், குளம்பு சுடும், குளம்புக்கு மேலுள்ள நாடி ஓங்கி அடிக்கும். அதனை உடனே மேய்ச்சலினின்றும் விலக்கி, தடித்த படுக்கையிட்ட கொட்டடியில் ஓய்வாக நிறுத்தல் வேண்டும்.

மூச்சிரைப்போ இதற்கு நேர்மாறான பரிகாரத்தை வேண்டுவது. அந்நோய் உலர்புல்லிலும் படுக்கை வைக்கோலிலும் உள்ள பூஞ்சைத் தூளினால் மூள்வது. ஆகையால் கொட்டடியை விடுத்து இரவும் பகலும் திறந்த வெளியில் விடுதலே சிறந்தது. ஒரு நோய்க்கு உள்ளே அடைத்தல் வேண்டும். மற்றொன்றுக்கு வெளியே விடுதல் வேண்டும். அன்றியும், மூச்சிரைப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் குளம்பழற்சியைக் கிளப்பக்கூடும் என்ற அச்சமும் இருக்கிறது. இவ்விரண்டிற்கும் ஒருங்கே பொருந்துவது புல்லற்ற திடலே. அதில் குதிரையை விட்டு, நீரில் ஊறவைத்த உலர்புல்லை நிறுத்துக் கொடுப்பின், சர்க்கரையில் ஒரு பங்கு நீரிற் கரைந்து போம், தூளும் அடங்கும். கோடையில் நெடுநேரம் ஊறவிட்டால் புல் புளித்துவிடுமாதலால் நேரத்தைக் கவனித்தல் அவசியம். இத்தனைக்கும் இடமும் ஆளும் உள்ள பள்ளிகள் சிலவே.

வயது பதினைந்துக்கு மேற்பட்டதாயின் பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறையும் ஐயுறவேண்டும். கோடை வந்தும் உதிராத நீண்ட மயிர் அதன் அடையாளம். இரத்தப் பரீட்சையால் அது துணியப்படும். பெர்கோலைடு என்னும் மருந்தை ஆயுள் முழுவதும் நாள்தோறும் கொடுத்துவரின் பல குதிரைகள் தேறுகின்றன. இப்பரீட்சையைச் செய்யாமல் குதிரையைக் கைவிடுவது அவசரமாகும்.

வேலையைப் பற்றிய வரம்பு சட்டத்திலேயே அமைந்துள்ளது. இங்கிலாந்தில் 2018-ஆம் வருஷத்து விதிகளின்படி சவாரிப் பள்ளிகள் ஸ்தல அதிகாரிகளிடம் லைசென்ஸு பெறவேண்டும். பரிசோதனையில் சிகிச்சை தேவையென்று காணப்பட்ட குதிரை, அது வேலைக்குத் தகுதியுள்ளதென்னும் மிருக வைத்தியரின் சான்று தாக்கல் செய்யப்படும் வரையில் வேலைக்குத் திரும்பலாகாது. சான்று கிடைத்தபின்னரும் பாரத்தைக் குறைத்தல் நலம். ஆரோக்கியமுள்ள குதிரைக்கே, சேணம் உட்பட, அதன் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது என்பர். மேற்சொன்ன குதிரைக்கு அது 56 கிலோ. நோய்ப்பட்டதற்கு 40 கிலோவே போதும். அதுவும் மெத்தென்ற தரையில், நடையளவில். நொண்டுவதை வலி மருந்தினால் மறைத்து ஓட்டுவதை நல்ல பள்ளி எதுவும் செய்யாது; அஃது ஏறும் குழந்தைக்கும் ஆபத்து.

வேலைக்கு உதவாதென்று தெரிந்தால் விற்றுவிடலாமே எனப் பலர் கூறுவர். விலை மலிந்த நோய்க்குதிரை கைமாறிக்கொண்டே போகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. 1911-ஆம் வருஷத்தில் அடா கோல் என்னும் அம்மையார், உழைத்து ஓய்ந்த ஆங்கிலக் குதிரைகள் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டுக் கொலைக்களத்திற்கு நடத்தப்படுவதைக் கண்டு மனம் பதைத்தார். 1927-இல் குதிரைகளைப் பாதுகாக்கும் சங்கமொன்றை நிறுவினார். உயிருள்ள குதிரைகளைக் கொலைக்கென ஏற்றுமதி செய்தல் பிரிட்டனில் 2024-ஆம் வருஷத்துச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. எனினும் உள்நாட்டில் அறியாதார் கையில் அகப்பட்டு வருந்துவதைச் சட்டம் முற்றும் தடுத்துவிடாது. ஆகவே உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, நோயின் விவரம் யாவும் எழுத்து மூலம் தெரிவித்து, தெரிந்த குடும்பத்தாரிடம் பராமரிப்புக்கு ஒப்படைப்பது விற்பதினும் மேல். பிற குதிரைகளுக்குத் துணையாக நிற்பதற்கேனும் பயன்படும் குதிரைக்கு இவ்வழி எளிதில் வாய்க்கும்.

எக்ஸ்-ரே படத்தில் எலும்பு மிகவும் சரிந்திருந்தாலும், வருஷந்தோறும் நோய் திரும்பினாலும், பெரும்பொழுது படுத்தே கிடந்து, தீனியில் விருப்பமின்றி, கூட்டத்தினின்று ஒதுங்கி நின்றாலும், வலியின்றி உயிர் போக்குவித்தலே உரிய காருண்யம். செலவைக் கருதி இம்முடிவுக்கு வருதல் வெட்கத்திற்குரியதன்று. செலவைக் கருதிச் சிகிச்சையுமின்றி இழுத்தடிப்பதே கொடுமை. நோய் முற்றி நள்ளிரவில் வைத்தியரை அழைக்கும்வரை காத்திராமல், குதிரை ஓரளவு சௌக்கியமாயிருக்கும் நாளையே குறித்தல் வேண்டும். மருந்தூசியாலும் துப்பாக்கியாலும் இது செய்யப்படுகிறது; தேர்ந்தவர் கையில் இரண்டும் விரைவானவை. ஊசியிட்ட உடலைப் பிராணிகள் தின்னாதவாறு விதிப்படி அப்புறப்படுத்தல் வேண்டும். அக்குதிரையில் ஏறிப் பழகிய பிள்ளைகளிடம் அது தூரத்துப் பண்ணைக்குப் போயிற்று என்று பொய் சொல்லலாகாது. அதனுடன் மேய்ந்த தோழக் குதிரையைச் சிறிது நேரம் உடலருகே விட்டு மோந்து பார்க்கச் செய்வது அனுபவஸ்தர் வழக்கம். அங்ஙனம் விடப்பட்ட குதிரை சற்று நின்று, பின் தானே திரும்பித் தீனிக்குப் போய்விடுதல் பெரும்பாலும் காணப்படுகிறது.