கரண்ட் வரிசையில் யார் முதலில்?

திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய நிலக்கடலை ரகங்கள் பல உண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு ‘டி.எம்.வி.’ என்ற முன்னெழுத்து திண்டிவனத்திலிருந்தே வந்தது. இந்தப் பக்கத்து மக்கள் மல்லாட்டை என்று சொல்லும் அந்தப் பயிருக்கு, பூத்து விழுது இறங்கும் பருவத்தில் மழை பொய்த்துவிட்டால் ஒரே ஒரு தண்ணீர் விட்டாலும் போதும், காய் பிடித்துவிடும். அந்த ஒரு தண்ணீர் கிணற்றில் இருந்தும் அதை மேலேற்ற மின் இணைப்பு இல்லாதவர் டீசல் எஞ்சினுக்குச் செலவழிக்க வேண்டும், அல்லது பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துக்குக் காவிரிப் படுகையைப் போன்ற வாய்க்கால் பாசனம் வாய்க்கவில்லை. வீடூர் அணையும் தென்பெண்ணையும் ஏரிகளும் தொடாத இடங்களில் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் பாசனம். ஆகவே இங்கே ‘சர்வீஸ்’ என்று விவசாயிகள் சொல்லும் இலவச மின் இணைப்பு யாருக்கு முதலில் கிடைக்கிறது என்பது, யார் விவசாயத்தில் நீடிப்பார் என்பதையே தீர்மானிக்கிறது. இப்போது அதைத் தீர்மானிப்பவை இரண்டு: விண்ணப்பம் பதிந்த தேதி, கையில் இருக்கும் பணம். இந்த இரண்டுமே தேவையை அளக்கும் கோல்கள் ஆகா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரிசை எப்படி வளர்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின் கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் நடத்திய நெடிய போராட்டங்களின் பின்னணியில், 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. உழவருக்கு அது பெரிய ஆதரவு. அதைக் குறை சொல்ல இங்கே இடமில்லை. ஆனால் விலையில்லாத ஒரு பொருளைக் கேட்போர் எண்ணிக்கை கொடுக்க முடிந்த அளவைத் தாண்டும்போது வரிசை பிறக்கிறது. தமிழகத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் தரப்பட்ட பிறகும், 2021-இல் சுமார் நாலரை லட்சம் விண்ணப்பங்கள் காத்திருந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 23-இல் ஒரு லட்சம் இணைப்புகள் தரும் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2022 நவம்பரில் மேலும் 50,000 இணைப்புகளுக்கான திட்டம் தொடங்கியது. சாதாரண வரிசையில் 2003 வாக்கில் பதிந்து வைத்தவர்களின் முறை அப்போதுதான் வந்தது. கணக்கு எளிது: நாலரை லட்சத்தில் ஒன்றரை லட்சம் போனால் மூன்று லட்சம். அதன் பிறகு ஒரு விண்ணப்பம்கூடப் புதிதாக வராது என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 50,000 வீதம் கொடுத்து முடிக்க ஆறு ஆண்டுகள் ஆகும். விண்ணப்பங்களோ நிற்காமல் வந்துகொண்டிருக்கின்றன.

2003-இல் பதிந்தவர் காத்திருந்த ஏறத்தாழ இருபது ஆண்டு என்பது ஒரு விவசாயக் குடும்பத்தில் ஒரு தலைமுறையின் பெரும்பகுதி. அதற்குள் விண்ணப்பித்தவர் இறந்திருக்கலாம், நிலம் பாகம் பிரிந்திருக்கலாம், கிணறு வற்றியிருக்கலாம், பிள்ளைகள் சென்னைக்கு வேலைக்குப் போயிருக்கலாம். பட்டியலில் பெயர் மட்டும் அதே இடத்தில் நிற்கும். வேறு சர்வே எண்ணில் உள்ள இரண்டாவது கிணற்றுக்கு இன்னொரு சர்வீஸ் கேட்டுப் பதிந்தவரும், முக்கால் ஏக்கரும் ஒரே கிணறும் மட்டும் உள்ளவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்; தேதி முந்தியவர் முந்துகிறார். பட்டா, சிட்டா, வரைபடம் என்று பத்திரங்கள் கைவசம் இருந்து, விவரம் தெரிந்து, அன்றைக்கே ஈ.பி. ஆபீஸுக்குப் போய்ப் பதிந்தவர்கள் யார் என்று யோசித்தால், பதிவு மூப்பு என்பது பெரும்பாலும் முன்னமே வசதி பெற்றிருந்தவர்களின் மூப்பாக இருப்பது புரியும். குத்தகைக்கு உழுபவருக்கு அந்த வரிசையில் நிற்பதே கடினம். இதற்கு மேல் தட்கல் வந்தது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 லட்சம், 7.5-க்கு 2.75 லட்சம், 10-க்கு 3 லட்சம், 15-க்கு 4 லட்சம் ரூபாய் கட்டினால் பொது வரிசையில் காத்திருக்க வேண்டாம். மல்லாட்டையும் உளுந்தும் போடும் சிறு விவசாயியால் அத்தனை பணத்தை ஒரே தவணையில் புரட்ட முடியாது.

இதே சிக்கல், நம் ஊருக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விஷயத்தில் அமெரிக்காவில் முற்றிப்போயிருக்கிறது. இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலோ எல்க் போன்ற பெரிய மான்களை வேட்டையாட அரசு ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமங்கள் தருகிறது. கேட்போர் அதிகம் என்பதால் பல மாநிலங்கள் முன்னுரிமைப் புள்ளி முறையைக் கொண்டுவந்தன: இந்த ஆண்டு கிடைக்காதவருக்கு ஒரு புள்ளி, அதிகப் புள்ளி சேர்த்தவருக்கு அடுத்த முறை முதலிடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உரிமங்களைவிட ஆட்கள் வேகமாகப் பெருகியதால், ஓர் உரிமத்துக்கு வேண்டிய புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயின. சிறந்த காடுகளுக்கு இருபது ஆண்டுக்கு மேல் சேர்த்தவர்களும் காத்திருக்கிறார்கள். இன்று சேரும் இளைஞர் அவர்களை எட்டவே முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் வழி வேறு. ஆரிகன் நான்கில் மூன்று பங்கைப் புள்ளிக்கும் ஒரு பங்கைக் குலுக்கலுக்கும் ஒதுக்குகிறது. ஐடஹோவும் நியூ மெக்சிகோவும் புள்ளியே இல்லாமல் குலுக்கல் நடத்துகின்றன. அவர்கள் பகிர்வது பொழுதுபோக்கு, நாம் பகிர்வது பிழைப்பு. ஆனாலும் அவர்கள் அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: காத்திருப்பை மட்டும் தகுதியாக்கினால், வரிசை தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்திவிடும்.

மாற்று வழி தேட அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கிறது உத்திரமேரூர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்தில் அங்கே பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, முதலில் தகுதியை வரையறுக்கின்றன: வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரை விலக்குகின்றன. அதன் பிறகே ஓலைகள் குடத்துக்குள் போகின்றன. சொத்தைத் தகுதியாக்கிய அந்த அளவுகோல் இன்றைக்கு ஏற்றதல்ல. ஆனால் தகுதி, ஏற்கெனவே பெற்றவருக்கு இடைவெளி, சமமானவர்களுக்குள் குலுக்கல் என்ற வரிசைமுறை இன்றும் செல்லும். மின் இணைப்பிலும் அதையே செய்யலாம். ஆண்டு ஒதுக்கீட்டில் பாதி பதிவு மூப்புக்கு. மறு பாதி தேவைப் புள்ளிக்கு. குடும்பத்துக்கு வேறு சர்வீஸ் இல்லை என்றால் அதிகப் புள்ளி. சிறு, குறு நிலத்துக்குப் புள்ளி. பட்டியல் சாதி, பழங்குடி விவசாயிக்கும் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்ணுக்கும் புள்ளி. சொட்டுநீர் அமைத்தவருக்குப் புள்ளி. காத்திருந்த ஆண்டுகளுக்கும் ஓர் உச்சவரம்போடு புள்ளி. சமப் புள்ளி பெற்றவர்களுக்குள் ஊரார் முன்னிலையில் குலுக்கல்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு நியாயமானது. பதினைந்து ஆண்டு காத்திருந்தவரிடம் இப்போது விதியை மாற்றினால் அது துரோகமாகாதா? ஆகும். அதனால்தான் பாதி ஒதுக்கீடு மூப்புக்கே இருக்க வேண்டும் என்கிறோம். மிகப் பழைய விண்ணப்பங்களை ஒரு குறிப்பிட்ட தேதிவரை முன்வரிசையிலேயே தீர்த்துவிட வேண்டும். இரண்டாவது மறுப்பு, புள்ளி என்றாலே அநியாயமும் தில்லுமுல்லும் என்பது. ஆசிரியர் நியமனத்தில் தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்த வெயிட்டேஜ் முறை, மதிப்பெண்கள் இறுக்கமாகப் போடப்பட்ட காலத்தில் படித்த மூத்தவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. எதிர்ப்புக்குப் பிறகு 2018-இல் அது கைவிடப்பட்டது. அதிலிருந்து கற்க வேண்டியது, எதற்குப் புள்ளி என்பதில்தான் நியாயம் இருக்கிறது என்பதே. சர்வீஸ் எண், பட்டாவில் உள்ள பரப்பு, சொட்டுநீர்க் குழாய் ஆகியவை கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் வாசித்தால், யாருக்கு எத்தனை கிணறு என்பது ஊருக்குத் தெரியாமல் போகாது.

தட்கல் பணம் கடனில் தவிக்கும் மின் வாரியத்துக்கு உதவுகிறதே என்பது அடுத்த மறுப்பு. கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் மின்மாற்றி வைக்கவும் செலவாகிறது என்பது உண்மை. ஆகவே தட்கலை ஒரேயடியாக ஒழிக்கச் சொல்லவில்லை. ஆண்டு ஒதுக்கீட்டில் அதற்கு ஒரு சிறு பங்கை வரம்பாக வைத்து, மேலே சொன்ன இரு பாதிகளையும் எஞ்சியதில் கணக்கிட்டு, தட்கலில் வரும் பணத்தைச் சாதாரண வரிசையின் செலவுக்கே திருப்ப வேண்டும். கனமான மறுப்பு நிலத்தடி நீரைப் பற்றியது. இலவச மின்சாரத்தோடு கிணறுகள் பெருகினால் நீர்மட்டம் இறங்கும். வானூர், மரக்காணம் கடலோரத்தில் மிதமிஞ்சி இறைத்தால் உப்பு நீர் உட்புகும். இந்தக் கவலைக்கு இன்றைய வரிசையில் இடமே இல்லை. தேதிக்கும் பணத்துக்கும் நீர்மட்டம் தெரியாது. தமிழகத்தில் நிலத்தடி நீரைப் பகுதி வாரியாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கையே புள்ளிக்குள் கொண்டுவரலாம். வரம்பு மீறி இறைக்கப்பட்ட பகுதியில் புதிய சர்வீஸை முதல் கிணற்றுக்கும் சொட்டுநீருக்கும் மட்டும் தருவது, இரண்டாம் கிணறுகளை நிறுத்துவது ஆகியவை தேவைப் புள்ளியால்தான் நடக்கும்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்திலேயே சோதனையாகத் தொடங்கலாம். எரிசக்தித் துறை மானியக் கோரிக்கையில் அடுத்த இணைப்பு எண்ணிக்கையை அறிவிக்கும் முன், காத்திருப்போர் பட்டியலை ஊர் வாரியாக, பதிவு ஆண்டு, நிலப்பரப்பு, ஏற்கெனவே உள்ள சர்வீஸ் ஆகியவற்றோடு அரசு வெளியிட வேண்டும். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும் சங்கத்தினர், எத்தனை சர்வீஸ் என்று கேட்பதோடு நிறுத்தாமல், யாருக்கு முதலில் என்றும் கேளுங்கள். அந்தப் பட்டியல் வெளியே வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.