சிரிப்பும் பங்கு வணிகமும்

மருதமுனையில் சாறன் வாங்குபவர் அதனை விரித்துப் பார்த்து, இழையை விரல்களால் தடவிய பின்னரே விலை பேசுவார். சம்மாந்துறையில் நெல் கொள்ளும் வணிகரும் மணியைக் கடித்து ஈரம் அறிந்தே மூட்டைக்கு விலை கூறுவார். பொருளை அறிந்து பணத்தை அவிழ்ப்பதே வணிகத்தின் பழைய ஒழுங்கு. பங்கு என்பதோ கையாற் பற்ற முடியாதது. ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு கூறு. அதனை வாங்க அழைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்கள் நகைச்சுவையை நாடுவதேன்?

முன்னாளில் பங்கு வாங்குவோர் தரகரையே நாடவேண்டும், கூலியும் மிகுதி. பொதுமக்களுக்கு இத்துறை அச்சமூட்டுவதாகவே இருந்தது. அமெரிக்காவில் 1990களில் பரவிய இணையவழித் தரகு நிறுவனங்கள் அவ்வச்சத்தைச் சிரிப்பினாற் கரைக்க முற்பட்டன. 2000 ஜனவரியில், அந்நாட்டின் பெரும் கால்பந்தாட்ட இறுதிப் போட்டியினிடையே, 'ஈ-டிரேட்' நிறுவனம் ஒரு குரங்கை ஆடவிட்டது. இருபது இலட்சம் டொலரை இப்போது வீணாக்கிவிட்டோம், உங்கள் பணத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற கருத்தோடு அவ்விளம்பரம் முடிந்தது. 2008இல் அதே நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு கைக்குழந்தை கணினிமுன் அமர்ந்து, பொத்தானை அழுத்திப் பங்கு வாங்கிற்று. பின்னர் பாலைக் கக்கிற்று.

வாங்குவது குழந்தைக்கும் எளிது என்பதே இதன் பொருள். அதில் பொய்யில்லை. ஆயினும், வாங்குவது எளிதானமையால் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடாது. குரங்கு ஆடிய ஆறு வாரங்களுக்குள், 2000 மார்ச் 10இல், நாஸ்டாக் பங்குச் சுட்டெண் உச்சத்தைத் தொட்டது. 2002 ஒக்டோபருக்குள் தன் மதிப்பில் முக்காற் பங்கிற்கு மேல் இழந்தது. இந்தியாவிலும், எதிர்கால விலையை ஊகித்து நடத்தும் ஒப்பந்த வணிகத்தில் மூன்று நிதியாண்டுகளில் ஈடுபட்ட தனியாட்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்ததாக, அந்நாட்டின் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் வாரியம் 2024இல் அறிவித்தது.

இன்று கல்முனை இளைஞர் ஒருவர் கொழும்புக்குச் செல்லாமலே கைத்தொலைபேசியில் பங்குக் கணக்கைத் தொடங்கலாம். இது நன்மையே. ஆனால் அவர் இடும் பணம் தந்தை கட்டாரில் உழைத்ததாயிருக்கலாம். தாய் ஹஜ்ஜுக்கெனச் சேர்த்ததாயிருக்கலாம். அந்நிறுவனம் எத்தொழில் செய்கிறது, அது ஹலாலானதா, இலாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பன அதன் ஆண்டறிக்கையை நோக்கின் விளங்கும். அண்மையில் தேவைப்படும் பணத்தை அதில் இடாமையும் அறிவுடைமையாகும்.

விளம்பரத்தைக் கண்டு சிரிப்பதில் தவறில்லை. சிரித்து முடித்தபின், நெல்மணியைக் கடித்துப் பார்க்கும் அப்பழக்கத்தை மறவாதிருத்தல் வேண்டும்.