களத்தில் விளையும் கல்வி

சமூகப் பணியில் டாக்டர் பட்டம் என்றவுடன் நூலகமும் ஆராய்ச்சிக் கட்டுரையுமே பலர் நினைவிற்கு வரும். ஆயின், அமெரிக்க நாட்டில் அப்பட்டம் இரு வகையாக வழங்கப்பெறுகின்றது. ஆராய்ச்சியாளரை உருவாக்குவது பி.எச்.டி.; களப் பணியாளரை மேலும் தேர்ச்சியுறச் செய்வது டி.எஸ்.டபிள்யூ.

இவற்றின் வேறுபாடு யாது? உதவி நாடி வரும் குடும்பங்கள் சில முறை வந்தபின் நின்றுவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் ஆராய்ந்து அதற்குப் பொதுக் காரணம் காண்பது முன்னதன் வழி. தம் நிலையத்திலேயே முறையை மாற்றி, அதன் பயனை அளந்து, பிறர்க்கும் எடுத்துரைப்பது பின்னதன் வழி. ஆகவேதான் இதில் சேர்வோர்க்கு முதுகலைப் பட்டத்தோடு பணி அனுபவமும் பொதுவாக வேண்டப்படுகின்றது.

இக்கருத்து புதியதன்று. 1915-இல் பால்டிமோர் மாநாட்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர், சமூகப் பணி இன்னும் தனித் தொழில்துறை ஆகவில்லை என்று வாதிட்டார். 1917-இல் மேரி ரிச்மண்டு, பணியாளர்கள் குடும்பந்தோறும் எழுதி வைத்த குறிப்புகளை ஆராய்ந்து, இத்துறைக்கு முறை வகுத்த பெருநூலை வெளியிட்டார். அவரோ கல்லூரியில் பயிலாதவர்!

பிற்காலத்தில் இத்துறையின் டாக்டர் பட்டம் பெரும்பாலும் ஆராய்ச்சிப் பட்டமாகவே அமைந்தது. 2007-இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகம் தொழில்முறைப் பட்டத்தைத் தொடங்கியது, பிறவும் பின்தொடர்ந்தன.

மேற்கல்வி கற்றோரெல்லாம் களத்தை விட்டு நீங்குவாராயின், துன்புறுவோர்க்கு அக்கல்வியால் யாது பயன்? ஆதலின், பயில விழைவோர் பட்டத்தின் பெயரை நோக்காது, தம் உள்ளத்தெழும் வினாவை நோக்கித் தேர்வாராக.