எழுதுகோல் யார் கையில்?

தகவல் தொழில்நுட்பம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையும் பெங்களூரின் கண்ணாடிக் கட்டடங்களுமே நம் நினைவில் எழுகின்றன. கணினியின் முன் அமர்ந்திருக்கும் பட்டதாரி இளைஞர்களே அத்துறையால் வாழ்வு மாறியவர்கள் என்றும் எண்ணிவிடுகின்றோம். கணினியைத் தொட்டறியாத தையல் தொழிலாளியின் நாளையும் கூலியையும் அத்தொழில்நுட்பம் எவ்வளவு மாற்றியுள்ளது என்பதை அறிய விரும்புவோர் திருப்பூர் வட்டாரத்தை நோக்குதல் வேண்டும்.

நம் அவிநாசிபாளையம் அவ்வட்டாரத்தின் தென்பகுதியில் உள்ளது. பெயரொற்றுமையால் இதனை அவிநாசி என்று மயங்குவோர் உண்டு. அவிநாசி திருப்பூருக்கு வடமேற்கே உள்ளது. அங்கிருந்து திருப்பூர் வழியாக வரும் நெடுஞ்சாலை, கோவை - கரூர் நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடமே அவிநாசிபாளையம். இத்தகைய ஊர்களிலிருந்து நாள்தோறும் பனியன் கம்பெனிகளின் வண்டிகளில் வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். அவர்களுடைய வாழ்வில் நேர்ந்துள்ள மாற்றத்தையே இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

நெசவும் கணினியும்

துணிக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதியதன்று. 1804-இல் பிரான்ஸ் நாட்டின் ஜக்கார்ட் என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை நெய்யும் முறையை உருவாக்கினார். எந்த நூல் மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை அட்டையிலிருந்த துளையே தறிக்கு உணர்த்தியது. துளையிட்ட அட்டையில் செய்தியைப் பதிக்கும் முறையை ஹோலரித் என்பவர் 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கையாண்டார். பின்னாளில் கணினிகளுக்கும் அத்தகைய அட்டைகளே நெடுங்காலம் பயன்பட்டன. தறியிலிருந்து சென்ற அறிவு இன்று கணினி எம்பிராய்டரியாகவும் மின்னணுப் பின்னல் எந்திரமாகவும் துணிக்கே திரும்பி வந்துள்ளது எனலாம்.

கணினி நடைபோடும் கணக்கு முறைக்கு வழங்கும் 'அல்காரிதம்' என்னும் பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஆயினும் அவர் 'அல்ஜப்ர்' பற்றிய நூலை எழுதிய நோக்கம் பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. வாரிசுரிமைப் பங்கீடு, மரண சாசனம், வழக்கு, வணிகம் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கை எளிதாக்குவதே அந்நோக்கம். அந்நூலின் பெரும்பகுதி சாசனங்களையும் பங்கீட்டையும் பற்றியது. அவரவர்க்குரிய பங்கு அவரவரைச் சேர வேண்டும் என்னும் அக்கறையும் இக்கலையோடு தொடக்கத்திலேயே பிணைந்திருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மிச்சமான நேரம்

1925-இல் குலாம் காதர் என்பவர் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸே திருப்பூரின் முதல் பின்னலாடை நிறுவனம் என்று இத்தொழிலின் வரலாறு கூறும். உள்நாட்டு வணிகத்திலேயே நெடுநாள் நின்றிருந்த இத்தொழிலுக்கு, 1978-இல் மும்பை வணிகர்கள் வழியாக இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் வந்ததிலிருந்து ஐரோப்பியச் சந்தை திறந்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. உலக நாடுகளுக்கிடையே ஆடை வணிகத்தை அளவிட்டுக் கட்டுப்படுத்திய ஒதுக்கீட்டு முறை 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றபின் போட்டி கடுமையாயிற்று.

தொடக்க காலத்தில் மாதிரித் துணி கூரியரில் போகும். திருத்தம் டெலக்ஸிலும் பின்னர் ஃபேக்ஸிலும் வரும். ஒரு நிறத்துக்கு ஒப்புதல் கிடைப்பதற்குள் நாட்கள் பல கழியும். இன்று அளவு விவரங்கள் மின்னஞ்சலில் வருகின்றன. பேட்டர்ன் கணினியில் வரையப்படுகின்றது. எந்தெந்த அளவை எங்கெங்கே வைத்து வெட்டினால் துணி குறைவாக வீணாகும் என்பதையும் கணினியே கணக்கிடுகின்றது. சாயப்பட்டறையில் நிறத்தை எந்திரம் எண்களாக அளந்து காட்டுகின்றது. தைத்த மாதிரியின் படம் கைப்பேசியில் நொடியில் கடல் கடக்கின்றது.

இவை யாவும் நன்மைகளே. ஆயினும் இவ்வாறு மிச்சமான நேரம் யாரிடம் சென்றது என்னும் வினாவும் எழுகின்றது. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நாட்கள் குறையக் குறைய, சரக்கு அனுப்பும் கெடுவும் குறைக்கப்படுகின்றது. கெடு நெருங்கும்போது ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று ஈடுகட்டுபவர் ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரே. தகவல் விரைந்தது, மனிதக் கைகள் முன்னிருந்த வேகத்திலேயே இயங்க வல்லவை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத் தொழிலாளியின் உறக்கத்தைக் கொண்டு நிரப்புதல் நீதியாகாது.

கணக்கும் சாட்சியும்

திருப்பூரில் ஓர் ஆடை ஒரே கூரையின்கீழ் முழுமை பெறுவது அரிது. நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என ஒவ்வொன்றும் வேறு வேறு இடங்களில், பெரும்பாலும் ஜாப் ஒர்க் முறையில் நடைபெறுகின்றன. முன்னர் வாய்ச்சொல்லும் துண்டுச் சீட்டுமே இவற்றை இணைத்தன. 2017-இல் சரக்கு சேவை வரியும், 2018-இல் மின்னணு வழிச்சீட்டும் நடைமுறைக்கு வந்தபின் இக்கொடுக்கல் வாங்கலின் பெரும்பகுதி எழுத்தில் பதிவாகின்றது. சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் விதித்துள்ளது. அவ்வுரிமையைக் கோரும் சிறு பட்டறைக்காரருக்குப் பதிவான கணக்கே முதற்சாட்சி.

இங்கே அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தை நினைவுகூர்தல் பொருந்தும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அது, தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது. எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு நேரலாகாது என்பன அது தரும் நெறிகள். இவற்றுள் நுட்பமானது மற்றொன்று: எழுதுவதற்கான வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே. தன் மீதுள்ள பொறுப்பைத் தானே ஒப்புக்கொள்வதாக அது அமையும் என்பர் விரிவுரையாளர்.

இந்நெறியைப் பீஸ் ரேட் கூலிக்குப் பொருத்திப் பார்ப்போம். தைத்து முடித்த தொழிலாளிக்கு நிறுவனம் கடன்பட்டுள்ளது. அக்கடனின் அளவு, அவர் முடித்த பீஸ்களின் எண்ணிக்கை. முன்னர் அதனைத் தொழிலாளி தம் சிறு நோட்டில் குறித்து வைத்திருப்பார். சூப்பர்வைசரின் நோட்டிலும் அது இருக்கும். சனிக்கிழமை சம்பளத்தின்போது இரு நோட்டுகளும் ஒத்துப் பார்க்கப்படும். இன்று பல நிறுவனங்களில் பண்டலோடு வரும் பார்கோடு சீட்டை எந்திரம் படிக்கின்றது. எண்ணிக்கை நேரே கணினிக்குச் சென்றுவிடுகின்றது. எண்ணுவதில் பிழை குறைகின்றது என்பது உண்மை. ஆயினும் இரண்டாய் இருந்த நோட்டு ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றும் நிறுவனத்தின் கையில் உள்ளது.

கடன்பட்டவரே கணக்கைச் சொல்லுதல் வசனத்தின் நெறிக்கு உடன்பாடுதானே என்று ஒருவர் வினவலாம். உடன்பாடுதான். ஆனால் ஒப்புதல் என்பது, உரிமையுடையவர் அறியவும் சாட்சிகள் கேட்கவும் சொல்லப்படுவது. உரிமையுடையவர் படிக்க இயலாத இடத்தில் பூட்டி வைக்கப்பட்ட கணக்கு, எவ்வளவு துல்லியமாயினும், ஒப்புதலாகாது. டேமேஜ் என்று எத்தனை பீஸ் கழிக்கப்பட்டன, எக்காரணத்தால் கழிக்கப்பட்டன என்பதைத் தொழிலாளி காண இயலாதபோது, கணினியின் துல்லியம் அவருக்கு எப்பயனும் தருவதில்லை. கூலிக்கு அமர்த்தும் ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் முன்னரே அறியப்பட்டிருத்தல் வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்கள் வலியுறுத்தும் விதியாகும். புதிய ஸ்டைலுக்கு வேலை தொடங்கியபின் ரேட் முடிவு செய்யும் வழக்கம் அவ்விதியோடு முரண்படும். ரேட்டை முதல் நாளே கைப்பேசியில் அறிவிக்க இன்று ஒரு நிமிடம் போதும்.

கணக்கைத் திறந்து காட்டத் தொழில்நுட்பம் தடையன்று என்பதற்கு வருங்கால வைப்பு நிதியே சான்று. 2014-இல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரே நிலையான எண் வழங்கப்பட்டது. தம் சம்பளத்தில் பிடித்த தொகை உரிய கணக்கில் செலுத்தப்பட்டதா என்பதை இன்று ஒரு தொழிலாளி தம் கைப்பேசியிலேயே காணலாம். எழுதுபவர் வேறொருவராயினும் படிக்கும் உரிமை அவருக்கு உண்டு. பீஸ் கணக்கிலும் இவ்வழி இயலாததன்று.

கூலி வங்கிக் கணக்கில் சேர்வதும் இவ்வாறே இருபுறம் கொண்டது. 2016-இன் இறுதியில் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதெனப்பட்டபோது வாரச் சம்பளம் வழங்குவதே திணறிற்று. அதே ஆண்டு அறிமுகமான யுபிஐ முறையால் இன்று தேநீர்க் கடையிலும் கைப்பேசி வழியே பணம் செல்கின்றது. வாங்கிய கூலிக்குப் பதிவு உள்ளது. எனினும் ஒரு பெண் தொழிலாளியின் வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசி வீட்டின் வேறொருவர் கையில் இருக்குமாயின், கூலி அவர் பெயருக்கு வருகின்றது. அவர் கைக்கு வருவதில்லை. பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கே பங்குண்டு என்னும் இறைநெறியை மேடையில் பேசும் நாம் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செய்தியும் ஸனதும்

எழுதியவர் யார் என்று கேட்பது கணக்குக்கு உரிய வினா. சொன்னவர் யார் என்று கேட்பது செய்திக்கு உரிய வினா. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள் பெருந்தொகையில் பணிபுரியும் இவ்வட்டாரத்தில், இரண்டாம் வினாவைக் கேளாததன் விளைவு 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக, தொடர்பற்ற நிகழ்ச்சிகளின் காணொளிகள் பரப்பப்பட்டன. ஊருக்குத் திரும்ப இரயில் நிலையத்தில் கூடியோரில் ஹோலிப் பண்டிகைக்குச் செல்வோரும் இருந்தனர். அஞ்சிச் செல்வோரும் இருந்தனர். காவல்துறை அவை பொய்யென அறிவித்து வழக்குகள் பதிந்தது. பீகார் அரசின் குழுவொன்று திருப்பூருக்கும் வந்து நிலைமையை நேரில் அறிந்தது.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இதன் மருந்து தெரியும். ஒரு செய்தியைக் கேட்டால், அதனை யார் யாரிடமிருந்து கேட்டார், அவர்கள் சந்தித்திருக்க இயலுமா, நம்பத்தக்கவர்களா என்று ஸனதை ஆராய்வது அக்கலையின் அடிப்படை. வாட்ஸ்அப்பில் முன்னனுப்பப்பட்ட செய்திக்கு 2018-ஆம் ஆண்டுமுதல் ஓர் அடையாளம் இடப்படுகின்றது. முன்னனுப்பப்பட்டது என்பதை மட்டுமே அது கூறும். முதலில் சொன்னவரைக் கூறாது. ஸனத் அறுந்த அறிவிப்பை ஏற்கத் தயங்கிய மரபினர், அத்தகைய காணொளியை ஆராயாது அனுப்புவது பொருந்துமா? செய்தி கொண்டு வருபவரின் சொல்லை ஆராயாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்குமாறு ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதும் இதனையே.

செய்யத்தக்கன

தொழில் நடத்துவோர், ஸ்டைல் ஒவ்வொன்றின் ரேட்டையும் வேலைக்கு முன்னரும், அன்றன்று முடித்த பீஸ்களையும் கழிவையும் மாலையிலும், தொழிலாளி படிக்கும் மொழியில் காட்டச் செய்யலாம். தமிழறியாத தொழிலாளிக்கு இந்தியிலோ ஒடியாவிலோ காட்டுதல் கணினிக்கு அரிதன்று. தொழிலாளர் தம் சிறு நோட்டைக் கைவிடாதிருத்தல் நன்று. மத்ரஸாக்களில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பேரீச்சம்பழத்தையும் கோதுமையையும் விளக்கியபின் பண்டல் சீட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்காட்டாக வைத்தால், மாணவர் அவ்விதிகளைத் தம் வீட்டிலேயே காண்பர்.

கணினி சலிப்பின்றி எழுதும். சிறிதையும் பெரிதையும் ஒன்றுபோலவே எழுதும். நீதியோடு எழுதச் சொல்வதும், எழுதியதை உரியவருக்குப் படித்துக் காட்டுவதும் மனிதரின் பொறுப்பாகவே நிற்கின்றன. அப்பொறுப்பும் ஓர் அமானத்தே.