மரத்தடியில் வளர்ந்த கலை

கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு வாரம் தங்கி, ஓவியம் தீட்டவும் கதை எழுதவும் நம் கிராமத்துக்கு வர விரும்புகிறார்கள் என வைத்துக்கொள்வோம். "நம் ஊரில் அவர்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று ஊரார் வியக்கக்கூடும். இவ்வினாவுக்குச் சாந்திநிகேதனத்தின் வரலாறு தக்க விடையளிக்கிறது.

மேற்கு வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்திலுள்ள அவ்விடம் ஒரு காலத்தில் செம்மண்ணும் சரளையும் நிறைந்த வறண்ட மேடு. அங்கிருந்த இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் மனம் தோய்ந்த தேவேந்திரநாத் தாகூர், 1863-இல் அங்கே நிலம் பெற்றார். அவருடைய மைந்தர் கவி இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் ஐந்து மாணவர்களுடன் பள்ளி தொடங்கினார். மரநிழலே வகுப்பறையாயிற்று.

1919-இல் அங்கே கலாபவனம் தோன்றியது. அதனை நடத்திய நந்தலால் போஸ், மாணவர்களை வயல்வெளிக்கும் அண்டையிலிருந்த சந்தால் மக்களின் சிற்றூர்களுக்கும் அழைத்துச் சென்றார். மரத்தையும் மாட்டையும் உழைப்பவரையும் உற்று நோக்கிய பின்னரே மாணவர்கள் கோடு இழுத்தனர். அங்குப் பயின்ற ராம்கிங்கர் பைஜ் 1938-இல் 'சந்தால் குடும்பம்' என்னும் புகழ்பெற்ற சிலையை அமைத்தார். உடைமைகளைச் சுமந்து பிழைப்புத் தேடிச் செல்லும் ஏழைக் குடும்பமே அதன் பொருள். அவ்வூர்ச் சரளையும் சிமெண்டுமே அதன் மூலப்பொருள்கள்.

ஆனால், அங்குள்ள பசுமை தானாக வந்ததன்று; பலர் மரம் நட்டுக் காத்ததால் வந்தது. 1922-இல் அருகிலுள்ள சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதனம் நிறுவப்பட்டு, வேளாண்மை, கைத்தொழில், சுகாதாரப் பணிகள் நடைபெற்றன. 1928-இல் மரம் நடு விழாவும் ஏர் பூட்டு விழாவும் தொடங்கின. கவிஞரே ஏர் பிடித்தார். கிராமத்திடமிருந்து அழகைப் பெறுவோர் கிராமத்துக்குத் திருப்பிச் செய்யவும் கடமைப்பட்டவர் என்பதே இதன் கருத்து. சாந்திநிகேதனத்தை யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்று உண்டு. மாணவர்களைக் கவர மாளிகையோ பூங்காவோ தேவையில்லை. ஏரிக்கரையும், ஆலமரமும், நாற்று நடும் வயலும், குயவரின் சக்கரமும் போதும். அவர்கள் தங்குவதற்குத் தூய்மையான இடமும், நல்ல குடிநீரும், கழிப்பிடமும் ஏற்பாடு செய்தல் வேண்டும். ஊரின் மரங்களையும் பறவைகளையும் பெயர் சொல்லி விளக்கப் பெரியவர் ஒருவர் உடன் செல்வது நன்று. விளைந்த பயிரை மிதிக்கலாகாது, அனுமதியின்றி எவரையும் வரையலாகாது என்பவற்றை முதல் நாளே எடுத்துரைக்கலாம். இறுதி நாளில் அவர்கள் படைப்புகளை ஊர்ப் பொதுவிடத்தில் மக்கள் காணச் செய்து, சில மரக்கன்றுகளையும் அவர்கள் கையால் நடச் செய்தல் வேண்டும்.

ஏரியைத் தூர விட்டு, சாலையோர மரங்களை வெட்டிச் சாய்த்த ஊரில் மாணவன் எதைக் கண்டு எழுதுவான்? பொது நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு மரமும் ஓர் ஆசிரியர். அவ்வாசிரியரைக் காப்பது பஞ்சாயத்தின் பொறுப்பாகும்.