துப்பாக்கிக் குழலைத் துலக்கும் கருவிகள்

சேர்வராயன் மலைமீது ஏறத்தாழ 5,000 அடி உயரத்தமைந்த ஏற்காட்டின் மூடுபனி, துப்பாக்கிக் குழலைத் துருவேற்ற வல்லது. ஆயினும், துருவைப்போலவே தகாத கருவியும் குழலைக் கெடுக்கும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

முதற்கண், உள்ளே தோட்டா இல்லையெனக் கண்ணாற் கண்டு தெளிக. ரைபிள் குழலின் உட்புறத்தே திருகி ஓடும் வரிகளே குண்டைச் சுழற்றி நேரே செலுத்துவன. துண்டுகளாய்ப் பூட்டிய கோலின் மூட்டுகள் அவ்வரிகளை உராயும். ஆதலின் ஒரே துண்டான கோலே நன்று. அதனை இயன்றவரை பின்வாய் வழியே செலுத்துக. முன்வாய் தேயின் குறி தப்பும். தூரிகை, எஃகினும் மெல்லிய வெண்கலத்தாலாயதே தகும்.

பழைய தோட்டாக்கள் பலவற்றின் பற்றுமருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டு, எரிந்தபின் உப்பாய்ப் படிந்து பனியின் ஈரத்தை ஈர்க்கும். அவ்வுப்பு எண்ணெயிற் கரையாது, வெந்நீரிற் கரையும். கழுவியபின் பருத்தித்துணியால் ஈரம் போக்கி, எண்ணெயை மெல்லெனப் பூசுக.

அழுக்கை நீக்கப் புகுந்து குழலையே தேய்த்தல் தூய்மையாகாது.